குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய்: இரண்டரை வருடம் வீட்டை எப்படி நடத்துவது

லுக்கீமியா என்று டாக்டர் சொன்ன இரண்டொரு நாளில் பெரும்பாலான வீடுகளில் மூன்று காரியங்கள் நடந்துவிடும். அப்பா மிச்சமிருக்கும் லீவை மொத்தமாகப் போட்டுவிடுவார். இருக்கிற நகையெல்லாம் அடகுக்குப் போகும். சித்தப்பா, மாமா, பக்கத்து வீட்டுப் பையன்கள் என்று ஒரு வேன் நிறைய ஆட்கள் ரத்தம் கொடுக்க வந்து இறங்குவார்கள். பாசத்தில் செய்வதுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் சிகிச்சை இரண்டு முதல் இரண்டரை வருடம் ஓடப்போகிறது. முழு ரத்தம் கொடுத்த ஆண் 90 நாளைக்கும் பெண் 120 நாளைக்கும் மறுபடி கொடுக்க முடியாது. வேனில் வந்த அத்தனை பேரும் முதல் நாளே கொடுத்துவிட்டால், மூன்றாவது வாரம் குழந்தைக்கு ஹீமோகுளோபின் இறங்கும்போது கூப்பிட ஆள் இருக்காது. லீவுக்கும் நகைக்கும் இதே கதைதான்.

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது ஏ.எல்.எல். என்ற ரத்தப் புற்றுநோய். இங்கே சொல்வதெல்லாம் அதை மனதில் வைத்து. எந்த மருந்து, எவ்வளவு என்பது டாக்டர் வேலை. அதைச் சுற்றி வீடு எப்படி நடக்க வேண்டும் என்பதுதான் இங்கே பேச்சு.

முதலில் காலத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

முதல் கட்டம் நான்கைந்து வாரம். பெரும்பாலும் ஆஸ்பத்திரியிலோ, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அறை எடுத்தோ இருக்க வேண்டிவரும். அடுத்த ஆறேழு மாதம் மருந்து கடுமையாக இருக்கும். வீட்டுக்கும் வார்டுக்குமாக அலைச்சல். பிறகு ஒன்றரை முதல் இரண்டு வருடம் வீட்டிலேயே மாத்திரை, இடையிடையே ஊசி, ரத்தப் பரிசோதனை. மூன்றாவது கட்டத்தில் குழந்தை பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கும். முடி முளைத்திருக்கும், ஓடி விளையாடும். "நல்லாத்தானே இருக்கான், எதுக்கு இவ்வளவு மாத்திரை" என்று வீட்டிலேயே யாராவது ஆரம்பிப்பது அப்போதுதான். பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பும். திரும்பிய நோய்க்கு வைத்தியம் பல மடங்கு கடினம். எதைச் செலவழிக்கும் முன்னும் மூன்றாவது கட்டத்துக்கு மிச்சம் வைத்திருக்கிறோமா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

ரத்தத்துக்கு ஒரு நோட்டில் பன்னிரண்டு பேர் எழுதுங்கள்: பெயர், குரூப், போன், கடைசியாகக் கொடுத்த தேதி. இரண்டிரண்டு பேராகக் கூப்பிடுங்கள். பிளேட்லெட் ஐந்து நாளுக்கு மேல் தாங்காது என்பதால் சேர்த்து வைக்கவும் முடியாது, அன்றன்றைக்கு ஆள் வேண்டும். மெஷினில் பிளேட்லெட் மட்டும் எடுக்கும் முறையில் கொடுப்பவர் 50 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும். 48 மணி நேர இடைவெளி விட்டு மறுபடி கொடுக்கலாம். ஆகவே ஊசிக்குப் பயப்படாத, எடையுள்ள, பக்கத்தில் குடியிருக்கும் நாலு பேரை இதற்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

காகிதமும் பணமும்

எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, அடையாறு புற்றுநோய் நிலையம், வேலூர் சி.எம்.சி. என்று எங்கே போனாலும் முதல் நாளே விசாரிக்க வேண்டியது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட மேசை. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். சிக்கல் வருவது வருமானத்தில் அல்ல, பெயரில். மூன்று வயதுக் குழந்தையை இன்னும் ரேஷன் கார்டில் சேர்த்திருக்க மாட்டார்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, ஆதாரில் ஒரு எழுத்து என்று இருக்கும். ஊரில் இருக்கும் ஒருவரை இ-சேவை மையத்துக்கும் தாலுகா ஆபீசுக்கும் அனுப்பி முதல் வாரத்திலேயே சரிசெய்யச் சொல்லுங்கள். அப்பா வார்டு வாசலில் நிற்பதைவிட அந்த மூன்று நாள் ஊரில் அலைவது குழந்தைக்கு அதிகம் உதவும்.

ரயிலில் சிகிச்சைக்குப் போய்வரும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் கட்டணமே கிடையாது. கூடப் போகும் ஒருவருக்கு 75 சதவீதச் சலுகை. படிவத்தில் ஆஸ்பத்திரி டாக்டரின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். டிஸ்சார்ஜ் அன்று அவசரத்தில் கேட்டால் கிடைக்காது, முந்தின நாளே வாங்கிவையுங்கள்.

மருந்துச் செலவைத் திட்டம் பார்த்துக்கொண்டாலும் அறை வாடகை, ஆட்டோ, சாப்பாடு, போன கூலி இவைதான் குடும்பத்தைச் சாய்க்கும். முதல் மாதம் ஒவ்வொரு நாள் செலவையும் எழுதினால் மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகை தெரியும். கடன் கேட்பதற்கும், உதவி செய்கிறேன் என்று வரும் ஒரு சித்தப்பாவிடம் "மாசம் ரூம் வாடகையை மட்டும் நீங்க பாத்துக்கோங்க" என்று சொல்வதற்கும் அந்தத் தொகை வேண்டும். குழந்தையின் மொட்டைத்தலைப் படத்தையும் வங்கிக் கணக்கு எண்ணையும் சேர்த்து வாட்ஸாப்பில் விடாதீர்கள். யாரோ எண்ணை மட்டும் மாற்றிச் சுற்றுக்கு விடுவார்கள். குழந்தை பெரியவனாகி பத்தாம் வகுப்பு படிக்கும்போதும் அந்தப் படம் எங்காவது சுற்றிக்கொண்டிருக்கும்.

யார் எந்த வேலை

வழக்கமாக அம்மா வார்டில் இருப்பார். அப்பா வெளியே மருந்து வாங்குவார், பணம் புரட்டுவார். மூன்று மாதத்தில் இருவரும் வேறு வேறு உலகத்தில் இருப்பார்கள். மருந்தின் பெயர் அப்பாவுக்குத் தெரியாது, கடன் எவ்வளவு என்று அம்மாவுக்குத் தெரியாது. சண்டை அங்கிருந்துதான் வரும். வாரத்தில் ஒரு இரவு, முடிந்தால் சனிக்கிழமை, அப்பா வார்டில் படுக்கட்டும். அம்மா வெளியே போய்த் தலைக்குக் குளித்து எட்டு மணி நேரம் தூங்கட்டும். இது தியாகமோ சலுகையோ இல்லை. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் அவர் குழந்தையின் பக்கத்திலேயே போக முடியாது. அன்றைக்கு மாற்று ஆள் தயாராக இருந்தாக வேண்டும்.

ஆள் மாறும்போது கைமாற ஒரே ஒரு நோட்டு. ஒரு நாளுக்கு ஒரு பக்கம்: காய்ச்சல் அளவு, கொடுத்த மாத்திரையும் நேரமும், சாப்பிட்டது, மலம் போனதா, அன்றைய ரத்தக் கவுன்ட், டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி. மலத்தை எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் ஊசி குடலை மந்தமாக்கும், நாலைந்து நாள் மலச்சிக்கல் சாதாரணமாக வரும். தாடை வலி, கால் வலி, நடக்கும்போது பாதம் தரையில் உரசித் தடுக்குவது ஆகியவையும் அதே மருந்தால் வரலாம். "அடம் பிடிக்கிறான், நடக்க மாட்டேங்கிறான்" என்று நினைத்தது பல சமயம் நரம்பு சம்பந்தப்பட்டதாக இருக்கும். எழுதிவைத்தால் டாக்டர் ஒரு நிமிடத்தில் கண்டுபிடிப்பார்.

குழந்தையிடம் என்ன சொல்வது

உண்மையை, அதன் வயதுக்கு எட்டுகிற அளவில். நாலைந்து வயதுக் குழந்தை எந்தக் கெட்டதையும் தண்டனையாகத்தான் எடுத்துக்கொள்ளும். "நீ எதுவும் தப்பு பண்ணல, அதனால வரல" என்று கேட்காமலே பலமுறை சொல்ல வேண்டும். ஏழெட்டு வயதுக்கு "ரத்தத்துல கெட்ட செல் வளந்துருச்சு, மருந்து அதை அழிக்குது, நல்லதையும் கொஞ்சம் அழிக்கும், அதனாலதான் முடி கொட்டுது" என்றால் புரியும். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு டாக்டரிடம் கிசுகிசுத்தால், அது செல்போனில் தானே தேடிப் படித்துப் பயந்துகொள்ளும். பக்கத்தில் உட்காரவைத்தே பேசுங்கள்.

இரண்டு வாக்கியங்களை இன்றோடு விட்டுவிடுங்கள். ஒன்று, "ஊசி இல்லடா, சும்மா பாக்கத்தான் போறோம்". ஒரு தடவை பொய் தெரிந்துவிட்டால் அடுத்த ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரி வாசலிலேயே அழுகை தொடங்கும். இன்னொன்று, "சேட்டை பண்ணினா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிருவேன்". சாதாரண வீட்டில் அது வெறும் பேச்சு. இங்கே அது குழந்தையின் உயிரைக் காக்கும் மருந்தையே தண்டனையாக்கிவிடும்.

ஊசி போடும்போது குழந்தையைப் படுக்கவைத்து நாலு பேர் அழுத்துவதைவிட, அம்மாவோ அப்பாவோ மடியில் தன்னைப் பார்த்தபடி உட்காரவைத்துக் கட்டிக்கொள்வது நல்லது. மரத்துப்போகும் களிம்பு இருந்தால் ஒரு மணி நேரம் முன்பே தடவி மேலே பிளாஸ்திரி ஒட்ட வேண்டும். பத்து நிமிடம் முன்பு தடவினால் பயனில்லை. போடலாமா என்று கேட்காதீர்கள், அதற்கு வேண்டாம் என்ற பதில்தான் வரும். எந்தக் கை என்று கேளுங்கள். மயக்கம் கொடுத்து முதுகில் ஊசி போடும் நாளில் ஆறு மணி நேரம் சாப்பாடு இருக்காது, கடைசி இரண்டு மணி நேரம் தண்ணீரும் இருக்காது. சிறு குழந்தையை முதல் ஆளாக எடுக்கச் சொல்லி நர்ஸிடம் முந்தின நாளே கேளுங்கள்.

ஸ்டீராய்டு வாரங்களும் கண்டிப்பும்

முதல் மாதம் ஸ்டீராய்டு ஓடும்போது குழந்தை வேறு ஆளாகிவிடும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து தயிர்சாதம் கேட்கும். பிசைந்து வருவதற்குள் தோசை வேண்டும் என்று தட்டைத் தள்ளிவிடும். முகம் உப்பும், கோபம் வரும், காரணமில்லாமல் அழும். எல்லாம் மாத்திரையின் வேலை, நிறுத்தியபின் படிப்படியாகக் குறையும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறக்கூடும் என்பதால் சிப்ஸ், ஊறுகாய், அப்பளம், இனிப்பு வேண்டாம். அவித்த முட்டை, சுண்டல், இட்லி எப்போதும் கையருகே இருக்கட்டும். ராத்திரிப் பசிக்கென்று ஒரு டப்பா தனியாக எடுத்துவைத்தால் அம்மாவின் தூக்கம் பாதி மிஞ்சும்.

இந்த வாரங்களில் எல்லா விதிகளையும் தளர்த்திவிடுவது பெற்றோர் செய்யும் பெரிய செலவு. கேட்டதெல்லாம் கிடைக்கிறது, யாரும் திட்டுவதில்லை, செல்போன் முழு நாளும் கையில். இதைப் பார்க்கும் ஐந்து வயதுக் குழந்தைக்கு ஒன்று மட்டும் புரியும்: பெரியவர்கள் பயந்துபோயிருக்கிறார்கள். பழைய விதி அப்படியே இருந்தால்தான் அதற்குத் தைரியம். எல்லாம் வேண்டாம், நாலு போதும்: அடிக்கக் கூடாது, மாத்திரையைத் துப்பக் கூடாது, மென்மையான பிரஷ்ஷால் இரண்டு வேளை பல் துலக்க வேண்டும், ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் போன் இல்லை. வார்டில் இருந்தாலும் இந்த நாலும் மாறாது. தாத்தா பாட்டிக்கும் இதைச் சொல்லிவையுங்கள். பெரும்பாலும் விதி உடைவது அவர்கள் வழியாகத்தான்.

வீட்டில் இருக்கும் இன்னொரு பிள்ளை

அண்ணனோ அக்காவோ அநேகமாகப் பாட்டி வீட்டில் விடப்பட்டிருப்பார்கள். சமர்த்தாக இருக்கிறாள், ஒன்றும் கேட்பதில்லை என்று நிம்மதி அடையாதீர்கள். கேட்காத பிள்ளைக்குத்தான் வயிற்று வலி வரும், மார்க் இறங்கும், படுக்கை நனையும். தான் தம்பியை அடித்ததால்தான் அவனுக்கு இப்படி ஆயிற்று என்று எட்டு வயதுப் பெண் மாதக்கணக்கில் உள்ளுக்குள் வைத்துக்கொண்டிருக்க முடியும். அவளிடமும் நோயின் பெயரைச் சொல்லுங்கள், இது ஒட்டாது என்று சொல்லுங்கள். தினமும் ஒரே நேரத்தில், சாயங்காலம் ஏழு என்றால் ஏழு, பத்து நிமிடம் போன். அந்தப் பத்து நிமிடத்தில் தம்பியைப் பற்றிப் பேச்சே வேண்டாம். அவள் பள்ளிக்கூடம், அவள் சண்டை, அவள் தோழி. அவளுடைய வகுப்பு டீச்சருக்கும் விஷயம் தெரிந்திருக்கட்டும். இன்னொன்று: வீட்டில் கைக்குழந்தை இருந்தால் சொட்டு மருந்து போடும் முன் புற்றுநோய் டாக்டரிடம் கேளுங்கள். வாய்வழிப் போலியோ மருந்துக் கிருமி மலத்தில் வெளிவரும் என்பதால் அதற்குப் பதில் ஊசி போடச் சொல்வார்கள்.

காய்ச்சல்: இதில் மட்டும் சமரசம் இல்லை

கீமோ நடக்கும் குழந்தையின் உயிருக்கு வீட்டில் வரும் பெரிய ஆபத்து காய்ச்சல். வெள்ளணுக்களில் கிருமியோடு போராடுவது நியூட்ரோபில். ரிப்போர்ட்டில் மொத்த வெள்ளணு 1,800, நியூட்ரோபில் 20 சதவீதம் என்று இருந்தால், 1,800இல் 20 சதவீதம் 360. இந்த எண் 500க்குக் கீழே என்றால் சாதாரணக் கிருமியே சில மணி நேரத்தில் ரத்தத்தில் பரவிவிடும். கணக்கை நீங்களே போடப் பழகி நோட்டில் எழுதுங்கள்.

டிஜிட்டல் தெர்மாமீட்டரை அக்குளில் வையுங்கள், ஆசனவாயில் ஒருபோதும் வேண்டாம். 101 ஒரு தடவை காட்டினாலும், 100.4 ஒரு மணி நேரம் நீடித்தாலும் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும். உங்கள் டாக்டர் வேறு எண் சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு. உடம்பு சுடாமலே நடுக்கம் வந்தாலும், குழந்தை துவண்டு கிடந்தாலும் அப்படியே. "ஒரு பாராசிட்டமால் கொடுத்துக் காலைல பாப்போம்" என்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. மாத்திரை சூட்டை இறக்கும், கிருமியை ஒன்றும் செய்யாது, விடிவதற்குள் கை மீறிவிடும். ஐபுப்ரூஃபென், ஆஸ்பிரின் கூடவே கூடாது, ரத்தம் கசியும்.

தேனியிலிருந்தோ ராமநாதபுரத்திலிருந்தோ சென்னை ஓர் இரவுப் பயணம். அத்தனை நேரம் கிடையாது. ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். ஆகவே முதல் டிஸ்சார்ஜிலேயே டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள்: நோய், கடைசிக் கீமோ தேதி, காய்ச்சல் வந்தால் எந்த மருந்து எவ்வளவு, தசையில் ஊசி வேண்டாம், தொடர்பு எண். ஊருக்குப் போனதும், காய்ச்சல் வரும் முன்பே, பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் அந்தக் கடிதத்தைக் காட்டிப் பேசிவையுங்கள். இரண்டு பிரதி எடுத்து ஒன்றைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு வாசல் கதவுக்குப் பின்னால் மாட்டுங்கள். ராத்திரி பதினொரு மணிக்குப் பீரோவைக் குடைய வேண்டியிருக்காது.

சாப்பாடு, மாத்திரை, நாட்டு மருந்து

சாப்பாட்டைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. கொதித்து ஆறிய தண்ணீர், அப்போது சமைத்தது, வீட்டில் தோலுரித்த வாழைப்பழம், ஆரஞ்சு. காலையில் அரைத்த தேங்காய்ச் சட்னி மதியத்துக்கு வேண்டாம். வெளியே வெட்டிவைத்த பழம் வேண்டாம். வாய்ப்புண் வந்தால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் உப்பு ஒரு டீஸ்பூன், சமையல் சோடா ஒரு டீஸ்பூன் கலந்து நாலைந்து வேளை கொப்பளிக்கலாம், விழுங்கக் கூடாது.

மூன்றாவது கட்டத்தில் தினமும் ராத்திரி மெர்காப்டோப்யூரின், வாரம் ஒரே ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட், வாரத்தில் இரண்டு மூன்று நாள் கிருமித் தொற்றைத் தடுக்கும் கோட்ரைமாக்ஸசோல் என்று போகும். மெத்தோட்ரெக்ஸேட்டைத் தவறுதலாகத் தினமும் கொடுத்துவிட்டால் வாயெல்லாம் புண்ணாகி, கவுன்ட் சரிந்து, உயிருக்கே ஆபத்தாகும். வீட்டில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டரை இதற்குப் பயன்படுத்துங்கள். வருடம் தொடங்கியதுமே, அல்லது ஆரம்பிக்கும் அன்றே, டாக்டர் சொன்ன கிழமை வியாழன் என்றால் எல்லா வியாழக்கிழமைத் தாளிலும் சிவப்புப் பேனாவால் 'மெ' என்று எழுதுங்கள். மாத்திரை கொடுத்த பிறகுதான் அன்றைய தாளைக் கிழிக்க வேண்டும், அதையும் குழந்தைதான் கிழிக்க வேண்டும். தாள் அப்படியே இருந்தால் கொடுக்கவில்லை என்று பாட்டிக்கும் தெரியும். அரை மாத்திரை வெட்டும்போது கையுறை போடுங்கள். கர்ப்பமாக இருப்பவர் தொடக் கூடாது. கொடுத்ததும் வாந்தி எடுத்தால் நீங்களாகத் திரும்பக் கொடுக்காமல் போன் செய்து கேளுங்கள்.

பிளேட்லெட் ஏற பப்பாளி இலைச் சாறு என்று பத்துப் பேராவது சொல்வார்கள். ஏற்கெனவே இந்த மருந்துகள் கல்லீரலுக்குப் பாரம். அதன் மேல் அளவு தெரியாத சாறு எதுவும் வேண்டாம். டாக்டர் எழுதாத சத்து டானிக்கும் வேண்டாம், பலவற்றில் ஃபோலிக் அமிலம் இருக்கும், அது மெத்தோட்ரெக்ஸேட்டுக்கு எதிராகப் போகும். சொல்பவரிடம் வாதாடிச் சக்தியை வீணாக்காதீர்கள். "டாக்டர்கிட்ட கேட்டுட்டுத் தர்றோம்மா" என்றால் முடிந்தது.

அந்த வாதாடலை வேறு ஓரிடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கிரகணத்தில் வெளியே வந்ததால், வயிற்றில் இருக்கும்போது எதையோ சாப்பிட்டதால் என்று பழியை அம்மா தலையில் போடும் பேச்சு சில வீடுகளில் வரும். அம்மா என்ன சாப்பிட்டார், எங்கே போனார் என்பதற்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமில்லை, பெரும்பாலான குழந்தைகளுக்கு இது பரம்பரையாக வருவதும் இல்லை. இதைச் சொல்ல வேண்டியவர் அம்மா அல்ல. அப்பா தன் வீட்டாரிடம் முதல் தடவையே நேராகச் சொல்லிவிட வேண்டும்.

மறுபடி பள்ளிக்கூடம்

பெரும்பாலும் மூன்றாவது கட்டத்தில் டாக்டரே போகலாம் என்பார். முதல் வாரம் மதியம் வரை மட்டும் போதும். போவதற்கு முந்தின நாள் வகுப்பு டீச்சரை நேரில் பாருங்கள். மொட்டைத்தலையைப் பற்றிப் பிள்ளைகள் கேட்பார்கள். "மருந்து சாப்பிட்டதால கொட்டுச்சு, திரும்ப வளரும், ஒட்டாது" என்று டீச்சரே வகுப்பில் முன்கூட்டிச் சொல்லிவிடட்டும். பாவம் பார்த்து வீட்டுப்பாடத்தைத் தள்ளுபடி செய்ய வேண்டாம், குறைத்துக் கொடுத்தால் போதும். டீச்சர் மேசைக்குள் ஒட்டிவைக்க ஒரு துண்டுச் சீட்டு கொடுங்கள்: காய்ச்சல் என்றால் மாத்திரை தராமல் உடனே போன், தண்ணீர் வீட்டுப் பாட்டிலில்தான், வகுப்பில் யாருக்காவது அம்மையோ தட்டம்மையோ வந்தால் அன்றைக்கே தகவல். "அம்மா வந்திருக்கு" என்று வெளியே சொல்லாமல் வீட்டோடு வைத்துக்கொள்வது நம் ஊர் வழக்கம், ஆகவே லீவு போட்ட பிள்ளைகளை டீச்சர் கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். அம்மை கண்ட பிள்ளையோடு பழகியது தெரிந்தால் டாக்டர் போடும் இம்யூனோகுளோபுலின் ஊசியை (இது வழக்கமான அம்மைத் தடுப்பூசி அல்ல) பத்து நாள் வரை போடலாம், ஆனால் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. வெள்ளிக்கிழமை வகுப்பில் யாருக்காவது அம்மை கண்டு, தகவல் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தால் நாலு நாள் வீணாகியிருக்கும்.